ஃபிளமிஷ் பேச்சு புரிகிறவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப், கென்ட் பக்கம் வசிக்கிறவர்கள் யாராவது குழுவில் இருக்கிறீர்களா? 'இன் டெ க்ளோரியா' என்ற ஃபிளமிஷ் (பெல்ஜியத்தின் வடபகுதியில் பேசும் டச்சு) நகைச்சுவைத் தொடரை வசன வரிகளோடு பார்க்க வழி தேடுகிறேன். யான் ஏலன் இயக்கியது, 2000, 2001-இல் அங்கே கான்வாஸ் என்ற தொலைக்காட்சிச் சேனலில் வந்தது.

இதில் ஒரு துண்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மருத்துவத் தவறுகளால் பாதிக்கப்பட்டவர்களை வைத்து ஒரு பேட்டி நிகழ்ச்சி. ஒருவர் வாயைத் திறந்தால் கீச்சென்று குரல் வருகிறது. நடத்துகிறவர் (டாம் வான் டைக்) சிரிப்பை விழுங்கப் பார்க்கிறார், முகம் கோணுகிறது, மன்னிப்புக் கேட்கிறார், அடுத்த வார்த்தையிலேயே மறுபடி வெடித்துவிடுகிறார். நிஜமாக நடந்தது என்றே நம்பி உலகம் முழுக்கப் பகிர்ந்தார்கள். அப்படி ஒரு நடிப்பு! அந்த விருந்தாளியின் அவமானமும் கூடவே உறைக்கிறது பாருங்கள், அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

எனக்குப் பாடப்புத்தக டச்சு ஓரளவு தெரியும். ஆனால் இவர்கள் பேசுவது ஊருக்கு ஊர் மாறுகிற வட்டார வழக்கு. பாதி வசனம் காதில் விழுந்தும் பிடிபடவில்லை.

வசன வரிகள் உள்ள டிவிடி பழைய கடைகளில் கிடைக்குமா? இல்லையென்றால், இரண்டு மூன்று காட்சிகளையாவது என்னோடு உட்கார்ந்து பார்த்து, வரிவரியாக அர்த்தம் சொல்ல யாருக்காவது ஒரு மணி நேரம் இருக்குமா? எந்த நாளானாலும் நான் தயார்.