மண்டபத்தில் கண் மங்கல், மல்லிகை பளிச்: டி7200-ஐக் கொடுத்துவிட்டு மிரர்லெஸ் வாங்கட்டுமா?

குடியாத்தம் ஸ்டுடியோ

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் அப்பா தொடங்கிய சின்ன ஸ்டுடியோவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கோயில் திருவிழா, இவைதான் வேலை. கையில் இருப்பது 2016-இல் வாங்கிய நிக்கான் டி7200, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர். லென்ஸ் மூன்று: 18-140, 50 எம்எம் எஃப்1.8டி, அப்புறம் அப்பா ஃபிலிம் காலத்தில் கடன் வாங்கி எடுத்த 80-200 எஃப்2.8டி.

போன முகூர்த்தத்தில் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ரிசப்ஷன். 50 எம்எம்-ஐ 1.8-இல், அதாவது துளையை முழுக்கத் திறந்து வைத்துப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கண் மங்கல். காதுத் தோடு தெளிவு, அதற்குப் பின்னால் தொங்கும் மல்லிகைச் சரத்தில் அரும்பு அரும்பாக எண்ணலாம். அந்த முகங்களைத் திரும்ப எடுக்க முடியுமா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தப்பா மகன் "கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குண்ணா, அதுவே கண்ணைத் தேடிப் பிடிச்சுக்கும்" என்கிறான். கடைக்காரர் ஒருவர், கேமரா பாடியையும் மூன்று லென்ஸையும் மொத்தமாகக் கொடுத்தால் புதுக் கேமரா விலையில் கழித்துக்கொள்கிறேன் என்கிறார். மேற்கொண்டு 80 ஆயிரம் வரை போட முடியும். அதுவும் வைகாசிக் கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸ். மாற்றட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆம்பூர் லென்ஸ்

மாற்றிவிடுங்கள் அண்ணா. 2020-க்குப் பிறகு நிக்கானும் கேனானும் புது டிஎஸ்எல்ஆர் ஒன்றுகூட வெளியிடவில்லை. நிக்கானில் டி780, டி6, கேனானில் 1டிஎக்ஸ் மார்க் 3, 850டி, இவையெல்லாம் அந்த ஆண்டு வந்தவை. புது லென்ஸ் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்குத்தான் வருகிறது. நாளைக்கு விற்றால் இந்த விலைகூடக் கிடைக்காது.

காட்பாடிக்காரன்

தம்பி, கடைக்கு ஒரு வாரம் போகாதீர்கள். குறிப்பாக அந்த 80-200-ஐ யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேட்கிறேன். 18-140-இலும் இதே மாதிரி மங்குகிறதா? மங்கும்போது எப்போதும் பின்பக்கம்தான் தெளிகிறதா, சில சமயம் முன்பக்கமும் தெளிகிறதா? எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள்?

குடியாத்தம் ஸ்டுடியோ

18-140-இல் பிரச்சினை இல்லை சார். 50-இல் எப்போதும் பின்பக்கம்தான். காது, சடை, மாலை என்று பின்னால் போய் விழுகிறது. ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் தூரம் இருக்கும். ஷட்டர் 1/160, ஃப்ளாஷ் போட்டிருந்தேன். கை நடுக்கம் இல்லை என்று நினைக்கிறேன், தோடு அவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

காட்பாடிக்காரன்

நினைத்தது சரிதான். கை நடுங்கியிருந்தால் தோடும் சேர்ந்து கலங்கியிருக்கும். ஒரே பக்கமாக, ஒரே லென்ஸில் தவறுகிறது என்றால் அதற்குப் பெயர் பேக் ஃபோகஸ்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் பெரிய கண்ணாடியில் பட்டு மேலே வியூஃபைண்டருக்குப் போகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடும். அதைப் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டிக் கண்ணாடி கீழ்ப்பக்கமாகத் திருப்பி, கேமராவின் அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. படம் பதிகிற சென்சார் ஓரிடம், ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறிடம். வெளிச்சம் இரண்டுக்கும் போய்ச் சேரும் தூரம் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். பாடியில் ஒரு மயிரிழை, லென்ஸில் ஒரு மயிரிழை விலகி, இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். மிரர்லெஸ்ஸில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தக் கோளாறு வர வழியில்லை. உங்கள் தம்பி அந்த வகையில் சரியாகத்தான் சொல்கிறார்.

ஆனால் டி7200-இல் இதைச் சரிசெய்ய மெனுவிலேயே வழி இருக்கிறது. செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன், லென்ஸுக்கு ஏற்ப ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்துகிற வசதி. டி3000, டி5000 வரிசையில் இந்த வசதி கிடையாது.

18-140-இல் ஏன் தெரியவில்லை என்றால், அது எஃப்5.6-இல், சின்னத் துளையில் ஓடுகிற லென்ஸ், தெளிவாக விழுகிற ஆழம் அதிகம், சின்னப் பிசகை மறைத்துவிடும். 50-ஐ 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே 6, 7 சென்டிமீட்டர்தான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் அது முடிந்துவிடும்.

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஏழு தீப்பெட்டிகளை மேசை மேல் சாய்வான வரிசையில் நிறுத்துங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 3 சென்டிமீட்டர் பின்னால். பக்கவாட்டிலும் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஃபோகஸ் புள்ளி பக்கத்துப் பெட்டியைக் கவ்விவிடும். லேபிள் கேமராவை நேராகப் பார்க்கட்டும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒன்றரை மீட்டர், எஃப்1.8, நடுப் புள்ளி, நாலாவது பெட்டி. வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஐந்து படம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு. பிறகு லைவ் வியூவில், அதாவது பின் திரையைப் பார்த்து, ஐந்து படம். லைவ் வியூவில் கண்ணாடி தூக்கிக்கொள்வதால் கேமரா படச் சென்சாரை வைத்தே ஃபோகஸ் பார்க்கும். அதில் நாலாவது பெட்டி தெளிந்து, வியூஃபைண்டரில் ஐந்தோ ஆறோ தெளிந்தால் கோளாறு எது என்று தெரிந்துவிட்டது. லென்ஸ் நல்ல லென்ஸ்.

குடியாத்தம் ஸ்டுடியோ

சார், செய்துவிட்டேன். லைவ் வியூவில் ஐந்து படத்திலும் நாலாவது பெட்டி பளிச்சென்று இருக்கிறது. வியூஃபைண்டரில் ஐந்தில் நாலு படம் ஆறாவது பெட்டி! ஃபைன் ட்யூனில் கூட்டலா கழித்தலா?

காட்பாடிக்காரன்

கழித்தல். கூட்டினால் ஃபோகஸ் கேமராவை விட்டுத் தள்ளிப் போகும், கழித்தால் கேமரா பக்கம் வரும். 20 வரை இடம் இருக்கிறது. மைனஸ் 5-இல் தொடங்கி 6, 7 என்று கழித்துக்கொண்டே போங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, மண்டபத்தில் இருக்கிற மாதிரி மஞ்சள் விளக்கில் ஒரு முறை பாருங்கள். விளக்கின் நிறம் மாறினால் இந்த அளவு கொஞ்சம் நகரும். உங்களுக்கு மண்டப வெளிச்சம்தான் முக்கியம். 80-200-க்கு 200 பக்கம் வைத்து, தள்ளி நின்று, தனியாகப் பாருங்கள்.

ஆம்பூர் லென்ஸ்

இதைச் சரிசெய்தாலும் பத்து வருடப் பழைய பாடிதானே சார்? மிரர்லெஸ் கண்ணைப் பிடித்துக்கொண்டு நகர்வதை ஒரு நாள் பயன்படுத்தினால் திரும்பப் போக மனசு வராது. பொண்ணு தலை குனிந்து நிமிரும்போதும் விடாது. வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரியும். அந்த லென்ஸ்களை எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு நிக்கான் மிரர்லெஸ்ஸில் மாட்டிக்கொள்ளலாமே.

ஜவ்வாது மலைப்பறவை

மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் ஓடாது. இதைத் தெரியாமல் நிறைய பேர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். டி என்று முடியும் இந்த லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை. பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு திருகாணி மூலமாக லென்ஸைச் சுழற்றும். டி7200-இல் அந்த மோட்டார் இருக்கிறது. நிக்கான் மிரர்லெஸ்ஸான இசட் பாடி எதிலும் இல்லை, நிக்கானின் எஃப்டிஇசட்டிலும் அதன் இரண்டாம் வடிவத்திலும் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி மாதிரி மோட்டார் உள்ளேயே இருக்கிற லென்ஸ்தான் அதில் தானாக ஃபோகஸ் ஆகும். அதாவது 18-140 வேலை செய்யும். அப்பா வாங்கிய 80-200-ஐக் கையால்தான் திருப்ப வேண்டும். கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருப்பதால் அடாப்டர் போட்டாலும் ஓடும்.

நான் ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் பறவை எடுக்கிறவன். எனக்கு மிரர்லெஸ் பெரிய வரம். சத்தமே இல்லாமல் எடுப்பதால் பறவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மேளம் கொட்டுகிற மண்டபத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? பேட்டரியும் கணக்குப் பாருங்கள். டி7200-க்கு நிறுவனம் சொல்கிற அளவு ஒரு சார்ஜில் 1110 படம். இசட்5-க்கு வியூஃபைண்டர் வழியாக 390. காலை நலங்கிலிருந்து இரவு ரிசப்ஷன் வரைக்கும் மூன்று பேட்டரியாவது பையில் வேண்டும்.

ஆற்காடு கேண்டிட்

நான் மூன்று வருடமாக மிரர்லெஸ்ஸில் கல்யாணம் எடுக்கிறேன், திரும்பிப் போக மாட்டேன். ஆனாலும் மண்டபத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் கல்யாணத்தில் சைலண்ட் ஷட்டரில் வைத்தே முழு ரிசப்ஷனையும் எடுத்தேன். மேடை முழுக்க எல்இடி. அந்த விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும். சைலண்ட் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர், அது படத்தை வரி வரியாகப் படிப்பதால் முகத்தின் மேல் கருப்புப் பட்டைகள். நாற்பது படம் வீண். மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 அல்லது 1/50, இதை விட்டு நகராதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும், இந்த வேகங்களில் பட்டை அடங்கும்.

இன்னொன்று, டிஜே வைக்கிற கல்யாணத்தில் லேசர் சுற்றுகிறதா பாருங்கள். மிரர்லெஸ்ஸில் சென்சார் எந்நேரமும் திறந்தே இருக்கும், லேசர் நேராகப் பட்டால் சென்சாரில் சூடு விழுந்துவிடும். தூசிக்கும் அதே கதைதான். மாசியில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைக்குப் போனால் மஞ்சளும் குங்குமமும் காற்றிலேயே மிதக்கும். அங்கே லென்ஸ் கழற்றவே கூடாது.

முக்கியமான கேள்வி இதுவரை யாரும் கேட்கவில்லை. தம்பி, நீங்கள் வீடியோ எடுக்கிறீர்களா?

குடியாத்தம் ஸ்டுடியோ

தம்பிதான் போனில் எடுக்கிறான் அண்ணா. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் ரீல்ஸ் கேட்கிறார்கள். டி7200-இல் முயன்றேன், ஆள் நடந்து வந்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. 4கே-வும் இல்லை.

ஆற்காடு கேண்டிட்

அப்படியென்றால் மிரர்லெஸ் வாங்க உங்களுக்குச் சரியான காரணம் அதுதான். போட்டோவுக்கு டி7200 போதும், வீடியோவுக்குப் போதாது. இரண்டாவது பாடியாக வாங்குங்கள், எதையும் கொடுக்காதீர்கள்.

எது என்று பார்க்கும்போது சில இடத்தில் கவனம் வேண்டும். இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டிலும் வியூஃபைண்டர் கிடையாது. நம் ஊர் சித்திரை வெயிலில் பின் திரையை மட்டும் நம்பி எடுக்க முடியாது. இசட்50 வரிசையில் கார்டு ஒன்றுதான் போடலாம், டி7200-இல் இரண்டு போட்டுப் பழகிய உங்களுக்குக் கல்யாணத்தில் வயிறு கலங்கும். இசட்5-இல் இரண்டு எஸ்டி கார்டு போடலாம், உங்கள் பழைய இஎன்-இஎல்15 பேட்டரியும் சேரும். ஆனால் 4கே-யில் காட்சி 1.7 மடங்கு வெட்டுப்படும், சின்ன மண்டபத்தில் பின்னால் போக இடம் இருக்காது. பழைய இசட்6-இல் 4கே முழு அகலமாக வரும், கார்டு ஒன்றே ஒன்று, அதுவும் எக்ஸ்க்யூடி என்கிற வேறு வகை, விலை அதிகம். வீடியோவுக்கு மட்டும் என்றால் நான் இசட்6 செகண்ட் ஹேண்டில் தேடுவேன். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

குடியாத்தம் ஸ்டுடியோ

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 50 எம்எம் மைனஸ் 9-இல் வந்து நின்றுவிட்டது. மஞ்சள் விளக்கில் பத்துக்கு ஒன்பது படம் நாலாவது பெட்டியில் விழுகிறது. 80-200-க்கு ஒன்றுமே செய்யத் தேவைப்படவில்லை. நேற்று ஒரு காது குத்துக்குப் போனேன். தாய்மாமன் மடியில் குழந்தை, கண்ணீர் இமையில் நிற்பது வரை தெளிவு. அப்பாவிடம் காட்டினேன். லென்ஸ் எது என்று மட்டும் கேட்டார்.

கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, கூட்டத்தில் 80-200 இல்லாமல் முடியாது. அது டி7200-இலேயே ஓடட்டும். முகூர்த்தங்கள் முடிந்து மீதிப் பணம் கைக்கு வந்ததும் இசட்6 தேடுகிறேன். அதற்கு முன் இந்த 80-200 அடாப்டரில் கையால் ஃபோகஸ் செய்தால் வீடியோவுக்கு உதவுமா என்று ஒரு முறை கண்ணால் பார்க்க ஆசை. வேலூர்ப் பக்கம் யாரிடமாவது எஃப்டிஇசட் இருக்கிறதா?

ஜவ்வாது மலைப்பறவை

என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்குக் கோட்டை அகழிப் பக்கம் வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். ஃபோகஸ் பீக்கிங் போட்டுவிட்டால் தெளிந்த ஓரங்கள் நிறம் காட்டும், கையால் திருப்புவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. லென்ஸின் அப்பர்ச்சர் வளையம் 22-இல் பூட்டியிருக்கட்டும், இல்லையென்றால் பாடி பிழை காட்டும். ஸ்டாண்டும் எடுத்து வாருங்கள், அந்த லென்ஸ் கனம்.

காட்பாடிக்காரன்

நானும் வருகிறேன். தம்பி, ஏழு தீப்பெட்டியையும் கையோடு கொண்டு வாருங்கள், என் 85 எம்எம் லென்ஸுக்கும் ஒரு முறை பார்த்துவிடலாம்.