பாத மருத்துவம் படிக்கிறவர்கள், காலில் சர்க்கரைப் புண் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

காவேரிப்பட்டணத்துப் பெண்:
இங்கிலாந்தில் பொடையாட்ரி படிக்கிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் "காலுக்குன்னு தனியா ஒரு படிப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம், மூன்று வருடம், ஸ்காட்லாந்தில் நான்கு. அதில் 1000 மணி நேரம் நோயாளிகளோடுதான் போகும்.

அங்கே ஆட்கள் வந்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இங்கே என் பெரியப்பாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. "படிச்ச புள்ள என் காலப் புடிக்கறதா?" என்று வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். மாந்தோப்பில் செருப்பில்லாமல் திரிகிற மனுஷன், சர்க்கரை வேறு. பெரியம்மா ஒரு அதட்டு போட்ட பிறகுதான் நீட்டினார்.

மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை உண்டு. 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். கட்டைவிரலில் வைத்தேன், இழை வளைந்தது. அதற்குக் கீழே மேட்டில், அப்புறம் சுண்டுவிரல் பக்கம். பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எப்பம்மா ஆரம்பிப்ப?" என்றார். பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தி நடக்க, காய்ப்பு தடித்து அதற்கு அடியில் புண் வைக்கும். மேலே பார்த்தால் வெறும் காய்ப்புதான். அவர் காய்ப்பின் நடுவில் ரத்தம் கட்டியதுபோல் கருஞ்சிவப்பு. மேற்பார்வை இல்லாமல் நான் கத்தி எடுக்கக்கூடாது, அதனால் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். (ஷேவிங் பிளேடால் அவரே சீவிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது!)

தர்மபுரி ஸ்டாஃப் நர்ஸ்:
எங்களிடம் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் சூட்டுத் தார் ரோட்டில் நடந்திருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், மனுஷன் சிரித்துப் பேசுகிறார்! இன்னொரு தொல்லை கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். அதிலுள்ள ஆசிட் நல்ல தோலையும் அரித்துவிடும், மரத்த காலில் அது தெரியவே தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் அதை வாங்கவே வேண்டாம். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடச் சொன்னால், "பாக்கறதுக்கு நல்லால்ல சிஸ்டர்" என்பார்கள்.

ஓசூர் பிளஸ் டூ:
அக்கா, நானும் பயாலஜி குரூப். இதைப் படித்துவிட்டு இங்கே வேலை கிடைக்குமா?

காவேரிப்பட்டணத்துப் பெண்:
தம்பி, யோசித்து இறங்கு. அங்கே எச்.சி.பி.சி. என்கிற பதிவு வாரியத்தில் பதிவு செய்தால்தான் பொடையாட்ரிஸ்ட் என்று போட்டுக்கொள்ளவே முடியும். நம்மூரில் பெரும்பாலும் சர்க்கரை டாக்டரும் சர்ஜனும்தான் பாதத்தைப் பார்க்கிறார்கள். திரும்பி வந்தால் அவர்களோடு சேர்ந்துதான் வேலை. வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் அதிகம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற என்.எச்.எஸ். (அங்கத்திய அரசு மருத்துவ சேவை) உதவித்தொகையும் நமக்கு வராது. லோன் கணக்கை முதலில் வீட்டில் உட்கார்ந்து போடு. நாற்றம், சீழ் எல்லாம் பழகிவிடும், அதற்குப் பயப்படாதே.