ஒரே மாதிரி அடி, அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆபத்து?

கேள்வி (பாலக்கோடு):
தொப்பூர் கணவாயில் லாரி உரசி அப்பா டிவிஎஸ் 50-லிருந்து விழுந்துவிட்டார். வயது 67. தொடை எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிவு. சர்க்கரை உண்டு, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து குளோபிடோக்ரல், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். பக்கத்துக் கட்டில் பையனுக்கும் இதே அடிதான், அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அப்பாவுக்கு மட்டும் ஏன் பயப்படுகிறார்கள்?

பதில் (ஓசூர், செவிலியர்):
குளோபிடோக்ரல் ரத்தம் உறைவதைத் தடுக்கும். நிறுத்தினாலும் சுமார் ஐந்து நாள் அதன் வேலை இருக்கும். மெட்டோப்ரோலால் என்ற இதய மாத்திரைதான் ஏமாற்றும்: உள்ளே ரத்தம் கசிந்தால் நாடித்துடிப்பு ஏறும், அதை ஏறாமல் காட்டும். மாத்திரை அட்டையையே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பதில் (அரூர்):
என் அம்மாவுக்கும் விலா எலும்புதான். வலிக்குப் பயந்து இருமவே இல்லை, சளி கட்டி நிமோனியா வந்துவிட்டது. வலி மருந்து கேட்டு வாங்கி, மூச்சுப் பயிற்சி செய்ய வையுங்கள் அண்ணா.

கேட்டவர்:
அட்டையைக் காட்டினேன். இதய மாத்திரையை இதுவரை யாரும் குறித்திருக்கவில்லை. இப்போது குறித்துக்கொண்டார்கள்.