புதுப்பிப்பு: நாஃப்பிலியோ சொகுசுப் படகுக் காட்சிக்குப் போய் வந்துவிட்டேன்

கிரீஸின் நாஃப்பிலியோ ஊரில் நடக்கும் மெடிட்டரேனியன் யாட் ஷோவுக்குப் போனால் நம்மைப் போன்றவர்கள் படகில் ஏற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியாது. இந்தப் படகுகளுக்கு வாடகை பேசி முடிக்கும் தரகர்களுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும்தான் அனுமதி. ஆனாலும் போனது வீண் இல்லை.

படகுகள் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி வரிசையாக நிற்கின்றன. கரையோரம் நடந்தாலே பாதி தெரிந்துவிடும். ஏறும் பலகையடியில் ஒரு பிரம்புக் கூடை, அது நிறைய ஷூ; தேக்குத் தளத்தில் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். ஒரு பையன் கைப்பிடிக் கம்பியில் இருந்த ஒவ்வொரு நீர்த்துளியையும் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அதையே பார்த்தபடி நின்றேனோ!

இப்படி ஒரு படகை வாடகைக்கு எடுக்க என்ன செலவாகும் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய படகுகளில் சொல்லும் வார வாடகை பெரும்பாலும் படகுக்கும் பணியாளர்களுக்கும் மட்டும்தான். எரிபொருள், சாப்பாடு, துறைமுகக் கட்டணத்துக்கு வாடகையில் சுமார் 30 சதவீதம் தனியே முன்பணம் கட்ட வேண்டும்; மிஞ்சினால் திருப்பித் தருவார்கள். வரி வேறு.

போகிறவர்கள் அதே ஊரில் இருக்கும் பலாமிடி கோட்டைப் படிகளைத் தவறவிடாதீர்கள். மேலிருந்து துறைமுகமும் கடலுக்குள் நிற்கும் பூர்ட்சி கோட்டையும் சேர்ந்தே தெரியும். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.