பன்னிரண்டு நிமிடப் படம் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

தென்கடல் (தங்கச்சிமடம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். இரண்டு ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் குறும்படங்களை, அதாவது ஏழெட்டுப் பேர் கைக்காசு போட்டு எடுத்து யூடியூபில் ஏற்றிவிடுகிற படங்களை, நான் தேடித் தேடிப் பார்க்கிறேன். அவற்றில் பாதிக்கு ஒலி சரியாக இருப்பதில்லை. முகத்தில் விழ வேண்டிய வெளிச்சம் சுவரில் விழுகிறது. நடிப்பவர்களில் ஒருவராவது கேமராவைப் பார்த்துவிடுகிறார். இருந்தும், பெயர்பெற்ற நடிகர்களை வைத்துப் பெரும் செலவில் எடுத்து ஓடிடி தளங்களில் வெளியிடும் படங்கள் தராத ஏதோ ஒன்றை இவை எனக்குத் தருகின்றன.

நான் பார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். விடையில் ஒரு பகுதி அதிலேயே இருக்கலாம். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டு அறைகள். அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் போகிறவர்கள். அவர்கள் கடலுக்குப் போகும் இரவுகளில் மொட்டைமாடி எனக்குக் கிடைக்கும். ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மறு காதைப் படிக்கட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பார்ப்பேன். அம்மா மேலே ஏறி வருவதற்குள் ஒரு படம் முடிந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் வீடு நிறைந்திருக்கும் என்பதால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கிடைக்காது.

சென்ற மாதம், மொழியே புரியாத ஒரு படத்தைப் பார்த்தேன். ஒரு பட்டறையில் வேலை செய்யும் இருவரில் ஒருவன், மற்றவனின் சட்டையில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக் கொடுக்கிறான். சட்டையைக் கழற்றச் சொல்லாமல், உடம்பில் இருக்கும்போதே தைக்கிறான். (அப்படித் தைத்தால் ஆகாது என்று எங்கள் பாட்டி திட்டுவார்.) முடிச்சுப் போட்டு முடித்ததும் கத்தரி கைக்கு எட்டாததால், நூலைப் பல்லால் கடித்து அறுக்க முகத்தை அவன் நெஞ்சருகே கொண்டுபோகிறான். அவ்வளவுதான் படம். அதை நான் நான்கு முறை பார்த்துவிட்டு, வழக்கம்போலப் பார்வை வரலாற்றிலிருந்து அழித்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். என்னைப் போன்றவர்களைத் திரையில் காண்கிறேன் என்ற ஆறுதலுக்காகத்தான் இவை பிடிக்கின்றனவா, அல்லது பணமில்லாமல் எடுப்பதிலேயே ஒரு வலு இருக்கிறதா? கையில் காசு வந்தால் அந்தக் குணம் போய்விடுமா?

காற்றுக்காது (இராமநாதபுரம்) எழுதுகிறார்:

தம்பி, உங்கள் வயது எனக்குத் தெரியாது. மொட்டைமாடியைப் படித்துவிட்டுத் தம்பி என்கிறேன். நான் குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்பவன். நீங்கள் சொல்லும் வகையில் ஒரு படத்துக்கு மண்டபத்தில் வேலை செய்திருக்கிறேன். மொத்தச் செலவு 22,000 ரூபாய். அதில் பெரும்பகுதி வேனுக்கும் பரோட்டாவுக்கும் போயிற்று. தடைக்காலத்தில் கரையேற்றி வைத்திருந்த ஒரு விசைப்படகை அதன் உரிமையாளர் வாடகை வாங்காமல் கொடுத்தார். நட்பைப் பற்றிய கதை என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அந்தப் பொய் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கச்சான் காற்று அடித்த இரண்டு நாள்களும் காலர் மைக்கில் வசனத்தைவிடக் காற்றுதான் அதிகம் பதிவாயிற்று. ஒரு பழைய கரடிப் பொம்மையின் ரோமத்துணியை வெட்டி மைக்குக்கு உறை தைத்தோம். அப்படியும் சரிவராத இடங்களில் வசனத்தையே எடுத்துவிட்டார் இயக்குநர். இதைவிடப் பெரிய சிக்கல் முதல் நாள் இரவே வந்துவிட்டது. இரண்டாவது நாயகனாக நடிக்க இருந்தவர், தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் படம் யார் கண்ணிலாவது பட்டால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று சொல்லி விலகிக்கொண்டார். அவர்மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. உதவி இயக்குநராக வந்த பையன், முகம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த இடத்தில் நின்றான். ஆகவே அவனுடைய பிடரி, காது மடல், வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்தெடுக்கும் விரல்கள் ஆகியவற்றைக் கொண்டே முழுப் படத்தையும் எடுத்து முடித்தோம். பிறகு ஒரு திரையிடலில் ஒருவர் எழுந்து, முகத்தை மறுக்கும் இந்த அழகியலை எப்படிக் கண்டடைந்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு வழியின்றிச் செய்த காரியத்தில் எங்கள் அச்சமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை அவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார், காரணத்துக்குத்தான் வேறு பெயர் வைத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ஷான் ஜெனே தம் வாழ்நாளில் இயக்கிய ஒரே படம், 1950இல் எடுத்த ஓர் ஊமைப் படம். அரை மணி நேரம்கூட ஓடாது. அதில் சிறையில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவரில் ஒருவன், சுவரின் சிறு துளை வழியாக வைக்கோல் தண்டு ஒன்றை நுழைத்துப் புகையை ஊதுகிறான். மறுபக்கத்தில் இருப்பவன் அதை வாயில் வாங்கிக்கொள்கிறான். கோடி ரூபாய் கொடுத்தாலும் அந்தக் காட்சிக்குத் தேவையானவை ஒரு சுவரும் ஒரு தண்டும்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில், அந்தப் படம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. போட்ட முதல் திரும்ப வர வேண்டிய படம், இந்தக் காதலை ஏற்காதவரையும் உட்காரவைத்துச் சமாதானப்படுத்தியாக வேண்டும். அதனால் அதில் ஒரு மருத்துவர் வந்து விளக்குவார். ஒரு தாய் அழுது பிறகு மனம் மாறுவார். யாராவது ஒருவர் நீளமாகப் பேசுவார். 22,000 ரூபாய்ப் படத்துக்கு யாரையும் சமாதானப்படுத்தும் கடன் இல்லை. விஷயம் தெரிந்தவனிடமே அது நேராகப் பேசலாம். நீங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பது தெரிந்து எடுத்ததுபோல உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். திரையரங்கில் காட்ட 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இணையத்தில் ஏற்றுவதற்கு அது வேண்டாம் என்பதும் ஒரு விடுதலை. ஆனால் வயதுக் கட்டுப்பாடு விழுந்துவிட்டால், பார்ப்பவர் தம் கணக்கில் நுழைந்தாக வேண்டும். வீட்டுக்கே ஒரு போன் என்று இருப்பவர்கள் அத்தோடு போய்விடுவார்கள்.

உப்பளத்தக்கா (வாலிநோக்கம்) எழுதுகிறார்:

மேலே எழுதியவரோடு பாதிதான் உடன்படுகிறேன். என் தம்பி ஆண்களை விரும்புபவன். அவனைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் படங்களை ஒரு காலத்தில் வரிசையாகப் பார்த்தேன். பார்த்த பலவற்றில் கடைசியில் ஒருவன் செத்துப்போகிறான். அதிலும் கடல் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: கரையில் ஒரு ஜோடிச் செருப்பு, அதன்மேல் ஓர் அலை, படம் முடிந்தது. கடலை வேலைக்குப் போகும் இடமாகப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அதைச் சாவதற்கு மட்டும் ஓடிவரும் இடமாகக் காட்டுவது எரிச்சலைத் தருகிறது. பணமில்லாததால் வந்த குறை அன்று இது. யோசிக்காததால் வந்த குறை. நகரத்து அடுக்குமாடி வீட்டில் இருவர் ஆங்கிலத்தில் சண்டை போடும் படங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்த இருவர் மனமொத்து உறவுகொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அவர்களுடைய திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் என் தம்பி வாழ்கிறான்: குற்றவாளி அல்லன், ஆனால் சேர்ந்து வீடு வாடகைக்குக் கேட்கப் போனால் இரண்டு பேரும் ‘ஒரே கம்பெனி பையன்கள்’ என்று சொல்ல வேண்டும். அந்த வீடு தேடும் கதையை எடுப்பதற்கு அதிகச் செலவாகாது. ஒரு வாசற்படியும் வீட்டுக்காரம்மா ஒருவரும் போதும். அதை எடுக்காமல் மீண்டும் மீண்டும் செருப்பையே எடுத்தால், சின்னப் படம் என்ற ஒரே காரணத்துக்காக நாம் அதைத் தட்டிக்கொடுக்கக் கூடாது.

இருந்தாலும் தென்கடல் தம்பி சொல்லும் அந்தப் பொத்தான் படத்தை நான் பார்க்க விரும்புகிறேன்.

போட்மெயில் பயணி (மண்டபம்) எழுதுகிறார்:

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காற்றுக்காது அவர்கள் சொன்ன பிடரி விவகாரத்தைப் படித்தபோது எனக்கு அகத்திணை நினைவுக்கு வந்தது. அகப்பாடலில் காதலர் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. இந்தச் சிறு படங்களிலும் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. இவர்கள் அஞ்சி மறைக்கிறார்கள், அவர்கள் மரபு கருதி மறைத்தார்கள் என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும் பார்ப்பவனுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றே: பெயரில்லாத இடத்தில் அவன் தன்னை வைத்துக்கொள்ளலாம். கடற்கரை நிலமான நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அதாவது பிரிந்தவரை எண்ணி ஏங்குவது. நம் கரைக்குச் செருப்பும் சாவும் தேவையில்லை, காத்திருப்பு ஒன்றே போதும் என்று உப்பளத்தம்மாவுக்கு ஆதரவாகவும் அதையே சொல்லலாம்.

இன்னொன்று, மொழி பற்றியது. தன்பாலீர்ப்பு முதலிய சொற்கள் அடங்கிய சொற்பட்டியல் ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. செய்தித்தாள்கள் வசைச்சொற்களை விட்டொழிக்க அது மிகவும் தேவையாக இருந்தது. ஆனால் காதலிப்பவன் அரசிதழ்ச் சொல்லால் காதலிப்பதில்லை. நம் பக்கத்து இளைஞர்கள் ஒருவரையொருவர் ‘மாப்ள’ என்றும் ‘மச்சான்’ என்றும் அழைத்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். இரண்டுமே மணவுறவு தரும் முறைப்பெயர்கள். யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒரு சிறு படத்தில் தொடக்கத்தில் ஒருவன் ‘மாப்ள, டீ சொல்லவா?’ என்று கேட்டு, முடிவில் அதே ‘மாப்ள’வை அரைக் குரலில் சொன்னால் போதும், தமிழ் தெரிந்தவனுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். சப்டைட்டிலில் அதைக் கொண்டுவரவே முடியாது. தமிழில் இப்படி எடுக்கப்பட வேண்டியவை நிறைய மீதம் இருக்கின்றன.

தென்கடல் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. சமாதானப்படுத்தும் கடன் இல்லாத படம் என்பதைப் படித்ததும், எனக்குப் பெரிய படங்களில் எந்த இடத்தில் மனம் விலகிவிடுகிறது என்பது விளங்கிவிட்டது. அந்த மருத்துவர் வாயைத் திறக்கும் இடம்தான். அக்கா சொல்வதும் சரி, செருப்புப் படங்களை நான் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன், ஆனால் ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை. ஐயா, நேற்றுக் கடையில் ஒருவன் என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டபோது பதில் சொல்லச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

பொத்தான் படத்தின் இணைப்பை அக்காவுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். காற்றுக்காது அண்ணே, அந்தப் படகுப் படம் இன்னும் இணையத்தில் இருந்தால் இன்று மாலைக்குள் எனக்கு அனுப்பிவைக்க முடியுமா? அப்பாவும் அண்ணனும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.