'கடும்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எடை உண்டா?

மழைக்காகம்: கிடங்கு ஒன்றில் பெட்டிகள் வைத்திருந்தேன். கூரை ஒழுகி, உள்ளே இருந்ததெல்லாம் ஊறிப்போய்விட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரி: 'எங்கள் கடும் கவனக்குறைவால் நேரும் இழப்புக்கு மட்டுமே பொறுப்பு.' வெறும் கவனக்குறைவுக்கும் கடும் கவனக்குறைவுக்கும் நடுவே கோடு எங்கே?

கறுப்பு அங்கி: கோடே கிடையாது. 1843-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை வழக்கு. வாங்க வருபவரிடம் காட்டிவர, கூலி வாங்காமல் ஒருவர் அதை ஓட்டிப்போனார். வழுக்கு நிலத்தில் விழுந்து குதிரைக்கு முழங்காலில் அடி. நீதிபதி ரோல்ஃப் சொன்னது: இரண்டும் ஒன்றுதான், கூட ஒரு வசைமொழி ஒட்டியிருக்கிறது. எனக்கும் அதே கருத்து.

ஓலைச்சுவடி: அந்த ஒரு வரியை வைத்தே எத்தனை நாள் ஓட்டுவீர்கள் சார்? ரோமானியச் சட்டத்திலேயே உல்பியன் என்ற சட்ட அறிஞர் இதற்கு விளக்கம் தந்துவிட்டார்: எல்லாருக்கும் புரிவது தனக்குப் புரியாமல் போவது. அந்த மரபில் வந்த சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைப் பாருங்கள். கடும் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கழற்றிவிட்டால் அது செல்லாது. வசைமொழிக்காகவா ஒப்பந்தத்தை ரத்து செய்வார்கள்?

கறுப்பு அங்கி: அது ஐரோப்பிய மரபு.

ஓலைச்சுவடி: கலிஃபோர்னியா ஐரோப்பாவிலா இருக்கிறது? 2007-இல் அதன் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அங்கே அளவுகோல்: இம்மியளவு கவனம்கூட இல்லாமை, அல்லது வழக்கமான நடத்தையிலிருந்து வெகுதூரம் விலகல்.

கறுப்பு அங்கி: 'வெகுதூரம்' எத்தனை அடி? 1994-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையும் இதில்தான் மாட்டியது. அறுவை நடக்கும்போது செயற்கைச் சுவாசக் கருவியின் குழாய் கழன்றதை மயக்க மருத்துவர் கவனிக்கவில்லை, நோயாளி இறந்தார். குற்றம் என்று சொல்லுமளவு மோசமா என்று ஜூரிகளே முடிவு செய்யட்டும் என்றார்கள். எது குற்றம்? கடுமையானது. எது கடுமை? குற்றமாகுமளவு மோசமானது. செக்குமாடு கூட இவ்வளவு சுற்றாது.

ஓலைச்சுவடி: சுற்றுவது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவுகோல் மங்கல் என்பதற்காக அளவே இல்லை என்று ஆகிவிடுமா? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் உயிர்போவதைப் பற்றிய 304ஏ பிரிவில் 'கடும்' என்ற சொல்லே இருந்ததில்லை. ஆனாலும் மருத்துவர் மீது குற்ற வழக்கு என்றால் அந்த அளவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் வலிந்து சேர்த்தது. நஷ்டஈட்டுக்குப் போதுமான தவறு சிறைக்குப் போதாது என்பதற்காகத்தான்.

வழிப்போக்கன்: நடுவில் வருகிறேன். 'கவனக்குறைவு' என்றால் கண் தவறியது. 'அலட்சியம்' என்றால் பார்த்தும் பொருட்படுத்தாதது. இரண்டாவதைத்தானே கடும் என்கிறார்கள்?

ஓலைச்சுவடி: பாதி சரி. தெரிந்தும் விட்டால் வழக்கு வலுக்கும். ஆனால் அந்த மயக்க மருத்துவருக்குக் குழாய் கழன்றது தெரியவே தெரியாது. அப்படியும் தண்டனை நின்றது.

மழைக்காகம்: அப்படியானால் என் பெட்டிகள்? ஒழுகுவதாக இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்.

கறுப்பு அங்கி: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? தெரியாமல் ஒழுகுவது வேறு, தெரிவித்த பிறகும் ஒழுகவிடுவது வேறு.

ஓலைச்சுவடி: கோடே கிடையாது என்றீர்களே சார்?

கறுப்பு அங்கி: சொல்லில் கிடையாது, நடந்ததில் இருக்கிறது. நான் வக்கீலானால் 'கடும்' என்று ஒரு தடவைகூட எழுதமாட்டேன். இரண்டு மின்னஞ்சலின் தேதியையும், நனைந்த நாளையும் வரிசையாக வைப்பேன். பதில் ஏதாவது வந்ததா?

மழைக்காகம்: முதல் மின்னஞ்சலுக்கு 'பார்க்கிறோம்' என்று ஒரே ஒரு வார்த்தை.

கறுப்பு அங்கி: அதை அழித்துவிடாதீர்கள்.