மறு: கீஹோல் ஆபரேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயாவுக்கும் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வயிற்றை நீளமாகத் திறக்காமல், சில துளைகள் போட்டுக் கேமராவையும் கருவிகளையும் உள்ளே விட்டுச் செய்யும் கீஹோல் ஆபரேஷனுக்கான தமிழ்ச் சொல் பற்றி எழுதுகிறேன்.

> நுண்துளை அறுவை சிகிச்சை என்று நாளிதழ்களில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

வழக்கில் இருக்கும் சொல்லை மாற்ற எனக்கும் மனம் வராது. ஆனால் நோயாளிகளுக்கான விளக்கத்தாள்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. கல்லீரல் கட்டிகளைப் பற்றிய தாளுக்கு வந்தபோது இந்தச் சொல் என்னை நிறுத்திவிட்டது.

முதலில் 'நுண்'. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். வயிற்றில் போடும் துளைகளோ 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெரிய துளையில் சுண்டுவிரல் நுழையும். போகட்டும், அது சொல்லாராய்ச்சி. என்னை உறுத்துவது வேறு.

சென்ற ஆண்டு என் சித்தப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கையெழுத்து வாங்கிய தாளில் 'நுண்துளை சிகிச்சை' என்று இருந்தது. ஊசி குத்திக் கட்டியைக் கரைத்துவிடுவார்கள் என்றே சித்தி புரிந்துகொண்டார். அவர் மேல் பிழையில்லை. தோல் வழியே ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டு அழிக்கும் முறை ஒன்று உண்மையிலேயே உண்டு, 'நுண்துளை' என்ற பெயர் அதற்குத்தான் அதிகம் பொருந்தும். அறுவை முடிந்து பார்த்தால் சித்தப்பாவின் அடிவயிற்றில் ஒரு நீளத் தையல். "ஓட்டைன்னுதானே சொன்னாங்க, அப்புறம் எதுக்குக் கிழிச்சாங்க?" என்று சித்தி அழுதார். ஏதோ தவறு நடந்ததை மறைக்கிறார்கள் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தார். அறுத்தெடுத்த கல்லீரல் துண்டைப் பைக்குள் இட்டு வெளியே எடுக்க எப்படியும் அதன் அளவுக்கு ஒரு கீறல் வேண்டும், அதை அடிவயிற்றில் வைத்தால் வலி குறைவு. இதை யாரும் முன்கூட்டியே அவரிடம் சொல்லவில்லை. தாளிலும் இல்லை.

பெயரில் அளவைப் புகுத்தியதன் விளைவு இது. துளை சிறிது என்றால் அறுவையும் சிறிது, ஆபத்தும் சிறிது என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். கல்லீரலில் அது சரியல்ல. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் ஓடும் உறுப்பு அது. குடலிலிருந்து வரும் வாயிற்சிரை (portal vein) வழியாகவும் ஈரல் தமனி வழியாகவும் இரண்டு பக்கம் இரத்தம் வரும். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் கூய்னோ வகுத்துத் தந்த 8 கூறுகளில் எந்தக் கூறு, அதற்குள் எந்தக் குழாய் என்று பார்த்துப் பார்த்து அறுக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தாலும் துளை போட்டுச் செய்தாலும் எடுக்க வேண்டிய பகுதி அதேதான், கட்டியோடு சேர்த்து அதைச் சுற்றி எடுக்க வேண்டிய நல்ல திசுவின் விளிம்பும் அதேதான்.

வேறுபாடு எல்லாம் உள்ளே போகும் வழியில் இருக்கிறது. திறந்து செய்யும்போது விலா எலும்பின் ஓரமாக நீளக் கீறல் போட்டு, கல்லீரலைக் கையில் ஏந்தி, விரலால் தடவியே கட்டி எங்கே என்று கண்டுகொள்ள முடியும். துளை வழியே அந்தத் தொடு உணர்வு கிடைக்காது. ஆகவே கல்லீரலின் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தேடுகிறார்கள். மறுபக்கம், வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயுவின் அழுத்தம் சிரைகளிலிருந்து கசியும் இரத்தத்தைக் குறைக்கிறது, கேமராவும் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிதாகக் காட்டுகிறது. இடப்பக்க ஓரக் கூறுகளான 2, 3 இந்த வழிக்கு எளியவை. உதரவிதானத்தின் அடியில் ஒளிந்திருக்கும் 7, 8 கடினம்.

பலன் என்ன என்பதற்கு ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். பெருங்குடலிலிருந்தோ மலக்குடலிலிருந்தோ கல்லீரலுக்குப் பரவிய கட்டியுள்ள 280 பேரை, 2012 முதல் 2016 வரை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 133 பேருக்குத் துளை வழியே, 147 பேருக்கு வயிற்றைத் திறந்து. இரண்டிலும் கல்லீரலை முடிந்தவரை மிச்சம் வைத்து அறுத்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் துளை வழியில் 19 விழுக்காடு, திறந்ததில் 31 விழுக்காடு. மருத்துவமனையில் இருந்தது 53 மணி நேரம், எதிரே 96 மணி நேரம். இரத்த இழப்பிலும், அறுவைக்கு ஆன நேரத்திலும், விளிம்பிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 54 விழுக்காடும் 55 விழுக்காடும்.

அந்தக் கடைசி இரண்டு எண்களை நம் சொல் பொய்யாக்கக் கூடாது. உடல் தேறும் நாட்கள் குறைகின்றன. நோயின் கனம் அப்படியே இருக்கிறது. (ஒஸ்லோவில் இந்த வழியில் நெடுநாள் பழகிய கைகள் அவை என்பதையும் தாளில் சேர்க்கிறேன். பாதிக் கல்லீரலை எடுக்கும் பெரிய அறுவைகளுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.)

ஆகவே அளவை விட்டுவிட்டு வழியைச் சொல்லுவோம் என்கிறேன்: துளைவழி அறுவை. வாய்வழி மருந்து, சிரைவழி மருந்து என்று மருத்துவத் தமிழில் 'வழி' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. படிக்காதவருக்கும் விளங்கும். நெஞ்சறைக்கும் மூட்டுக்கும் பொருந்தும், ரோபோ கைகளைக் கொண்டு செய்தாலும் மாறாது.

மற்ற பரிந்துரைகள் பற்றி. 'சாவித்துவார அறுவை' மலையாளத்தில் தாக்கோல்துவாரம் என்று நன்றாகவே நிலைத்திருக்கிறது. ஆனால் நம் பூட்டுகளில் அந்தத் துளை வழியே எட்டிப் பார்க்கும் காட்சி நம் மனத்தில் இல்லை, சாவி போடும் இடம் என்பதோடு சரி. 'திட்டிவாசல் அறுவை' என்று ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். கோட்டைக் கதவைத் திறக்காமல் அதிலுள்ள சிறு கதவு வழியே நுழைவது, எவ்வளவு பொருத்தமான படிமம்! ஆனாலும் இன்று திட்டிவாசல் எதுவென்று கேட்டால் பத்தில் ஒருவர் சொல்வாரா? 'குறை ஊடுருவல் சிகிச்சை' வேண்டவே வேண்டாம். ஊடுருவல் எல்லை தாண்டும் பகைவனுக்கு உரிய சொல். லேப்பராஸ்கோப்பி என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள 'லேப்பரா' என்பது கிரேக்கத்தில் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி, நம் அள்ளை. அதை மொழிபெயர்த்தால் வயிற்றோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்ச்சொல்லைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். 'திறந்த அறுவை' எனக்குத் திறந்தவெளியைத்தான் நினைவூட்டுகிறது. 'மரபு அறுவை' நாளைக்கே பொய்யாகும், பித்தப்பைக்கு இப்போதே துளைவழிதான் மரபு. திறப்புவழி அறுவை என்று இணையாக வைக்கலாமா?

அன்புடன்,
சென்னையிலிருந்து

—

வணக்கம் அக்கா.

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை விடுதியில் வேலை செய்கிறேன். எங்களுடைய பக்கம் அறுவை என்று சொல்லுவதில்லை, ஆகவே நாங்கள் துளைவழிச் சத்திரசிகிச்சை என்றுதான் எழுதுவோம். அதில் ஒரு இடைஞ்சலும் இல்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்த மண் இது, சொல் ஆக்குவது எங்களுக்குப் புதிதும் இல்லை.

எனக்கு ஒரு ஐயம். உடம்பில் ஏற்கெனவே ஒன்பது துளை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். வாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பதையும் ஆட்கள் துளைவழி என்று விளங்கிக்கொள்ளமாட்டார்களா?

மற்றது, இன்னொரு சொல் கட்டாயம் தேவை. துளை போட்டுத் தொடங்கி, இரத்தம் கட்டுப்படாமலோ கட்டி சரியாகத் தெரியாமலோ இடையில் வயிற்றைத் திறக்க வேண்டி வரும். 'கன்வேட் பண்ணினது' என்று ஒப்பரேஷன் தியேட்டரில் சொல்லுவோம். வெளியில் காத்திருக்கும் சனத்துக்கு அதைச் சொல்ல ஒரு நல்ல தமிழ் இல்லை. 'தோல்வி' என்றுதான் அவர்கள் முகத்தில் வாசிக்கிறேன்.

—

தம்பி, உங்கள் ஐயம் சரியானது, அதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். இயற்கையாக உள்ளவற்றை நாம் வாய், மூக்கு, மலவாய் என்று பெயர் சொல்லியே குறிக்கிறோம், யாரும் துளை என்று சொல்லி நிறுத்துவதில்லை. ஒன்பதையும் சேர்த்துச் சொல்லும்போது 'ஒன்பது வாசல்' என்பதும் வழக்கு. துளை, துளைத்ததனால் உண்டாவது. அப்படியும் குழப்பம் வருமானால் முதல் முறை வரும் இடத்தில் 'வயிற்றில் துளையிட்டு' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்ட இரண்டாவது சொல் இந்த இணையிலிருந்தே கிடைக்கிறது: வழிமாற்றம். துளைவழியில் தொடங்கித் திறப்புவழிக்கு மாறுவது. பாதையில் மரம் விழுந்து கிடந்தால் வண்டியை வேறு தெருவில் திருப்புகிறோம், போகும் ஊர் மாறுவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு சித்தியிடம் இதைச் சொல்ல முடியும்.

தாளின் முதல் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன், எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்:

"உங்கள் கல்லீரலில் உள்ள கட்டியைத் துளைவழி அறுவையில் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். வயிற்றில் சில துளைகள் இடுவோம். எடுத்த பகுதியை வெளியே கொண்டுவர அடிவயிற்றில் ஒரு கீறலும் இருக்கும். இது பெரிய அறுவைதான். இரத்தப்போக்கு போன்ற காரணங்களால் நடுவில் திறப்புவழிக்கு மாற நேரலாம். அப்படி வழிமாற்றம் செய்வது உங்கள் பாதுகாப்புக்காகவே."